ரயில் மார்க்கத்து ஆங்கிலச் சொற்கல்வி: ஒரு தர்க்க விசாரம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை நோக்கிச் செல்லும் காலை வண்டிகளில், வங்கித் தேர்வையோ ரயில்வே தேர்வையோ மனத்திற்கொண்டு, கையில் ‘வொக்காபுலரி’ புத்தகத்துடன் ஜபம் செய்பவரைப்போல் உதடசைத்துக்கொண்டு வீற்றிருக்கும் வாலிபர்களை யாவரும் கண்டிருப்பர். ஆயினும், அவர்கள் பயிலும் முறையைச் சாஸ்திர ரீதியாக விசாரித்தவர் ஒருவரும் இருப்பதாகத் தெரியவில்லையாதலால், அக்குறையை நீக்குவதே இவ்வியாசத்தின் பிரயோஜனமாகும்.

முதற்கண் லட்சணம், அதாவது பொருள் வரையறை. தர்க்க நூலார் லட்சணத்துக்கு அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என மூன்று தோஷங்கள் கூறுவர். இப்புத்தகங்களோ அந்யோந்யாசிரயம் என்னும் தோஷத்தையும் தம் செலவில் சேர்த்துக்கொள்கின்றன. ‘ஆப்ஸ்டினேட்’ யாதெனின் ‘ஸ்டபர்ன்’ என்றும், ‘ஸ்டபர்ன்’ யாதெனின் ‘ஆப்ஸ்டினேட்’ என்றும் விடை வருதலால், முண்டியம்பாக்கத்தில் ஐயங்கொண்ட மாணாக்கன், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் ஆகிய நிலையங்களைக் கடந்து திண்டிவனம் சேர்ந்த பின்னும், அறிவளவில் முண்டியம்பாக்கத்திலேயே நிற்கிறான். டாக்காவில் ஆசிரியர்களைப் பயிற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், 1935இல் வெளியிட்ட அகராதியில், ஏறத்தாழ 24,000 பதங்களுக்கு 1,490 எளிய சொற்களைக் கொண்டே பொருள் உரைத்தார். அத்தகைய சிக்கனம் நம் புத்தக ஆசிரியர்களுக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றியது போலும்.

அடுத்து உதாரணம். நன்னூலார் காண்டிகையுரையின் அங்கங்களுள் ஒன்றாகக் ‘காட்டு’ என்பதை வைத்தார். நையாயிகரோ, புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பதற்கு, எவரும் தினந்தோறும் காணும் அடுக்களையையே திருஷ்டாந்தமாகக் காட்டினர். இம்மரபில் வந்த மாணாக்கனுக்கு, முடிவின்மையைக் குறிக்கும் ‘இன்டர்மினபிள்’ என்னும் சொல்லை விளக்க, ஏதோ ஒரு தேசத்துப் பனிக்காலத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் மாலையில் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் நின்ற ஒருவனுக்குப் பனிக்காலம் எதற்கு?

வெல்லமுடியாத கோட்டைக்கு ஆகும் ‘இம்ப்ரெக்னபிள்’ என்பதற்கும், திண்டிவனத்துக்கு மேற்கே, மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டை இருக்கவே இருக்கிறது. 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படை 1698இல்தான் அதனுள் புகுந்தது. பிடிபட்ட கோட்டை அச்சொல்லுக்கு எங்ஙனம் உதாரணமாகும் என்று பூர்வபட்சி ஆட்சேபிக்கலாம். ஏழாண்டுக்குமேல் பொருந்தி நின்ற உதாரணம், ஏழு நிமிஷமும் மனத்தில் நில்லாத உதாரணத்தினும் சிரேஷ்டமானது என்பதே அதற்குச் சமாதானம்.

ஆகவே சித்தாந்தம் வருமாறு: சொல் எந்நாட்டதாயினும் ஆகுக, காட்டு உள்ளூரினதாக இருத்தல் வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை உடைய வாசகர்கள், அச்சிட்ட உதாரணத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் தம் ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுமாறு அவர்களைத் தூண்டுவார்களாக. நூலகத்துப் புத்தகமாயின், தனியே ஒரு நோட்டில் எழுதுவதே தர்மம்.