ஆளில்லா வகுப்பில் சுழலும் விசிறி: ஓர் இலக்கண ஆய்வு

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், மாலை நாலு மணிக்கு மணியடித்து அறுபது பேரும் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு, வகுப்பறையில் எட்டு மின்விசிறிகள் யாருக்காகச் சுழல்கின்றன என்று ஆராய்தல் நுதலிற்று. ஆய்வுக் களம், நான் பாடம் நடத்தும் கல்லூரியின் இரண்டாம் மாடி. ஆய்வு நெறி, விளக்கமுறை. அதாவது வாசலில் நின்று பார்த்தேன்.

முதலில் அளவை. சாதாரணக் கூரை விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். எட்டுக்கு 600. வெள்ளி மாலை 4 மணியிலிருந்து திங்கள் காலை 9 மணி வரை 65 மணி நேரம். பெருக்கினால் 39 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்றே சனி ஞாயிறுகளில், ஒரு குடும்பத்தின் இரண்டு மாத இலவசத்தைக் காலி பெஞ்சுகளுக்கு வீசித் தீர்த்துவிடுகிறது ஒரே ஓர் அறை. பெஞ்சுகளுக்கு வியர்க்கும் என்று முன்னாய்வாளர் எவரும் நிறுவியதாகத் தெரியவில்லை.

மாணவர்களின் அலட்சியமே காரணம் என்பார் ஆசிரியர். ஆசிரியர்தான் என்பார் வாட்ச்மேன். வாட்ச்மேன்தான் என்று சர்க்குலர் வரும். மூன்றும் மறுக்கத்தக்கன. காரணம் இலக்கணம். என்னை? "ஃபேன் ஓடுது", "லைட் எரியுது" என்றே நாம் சொல்கிறோம். இரண்டும் தன்வினை. ஓட்டியவரும் இல்லை, எரித்தவரும் இல்லை. எழுவாய் இடத்தில் விசிறியே ஏறி உட்கார்ந்துகொண்டு தானே ஓடுகிறது. தொல்காப்பியர் வேற்றுமை எட்டு என்றார். எட்டிலும் தேடினேன், சுவிட்சைப் போட்ட கை அகப்படவில்லை. சரி, அணைப்பதற்காவது செய்பவர் வேண்டுமே என்றால், அந்த வினை வகுப்பறையில் எப்போதும் ஏவலாகவே வரும்: "யாராச்சும் ஆஃப் பண்ணிட்டுப் போங்கப்பா." வருகைப் பதிவேட்டை இரண்டு முறை புரட்டினேன். 'யாராச்சும்' என்று ஒரு மாணவர் நம் துறையில் சேரவே இல்லை.

அடுத்தது கடைசி ஆள் பற்றிய சிக்கல். கடைசியாகப் போகிறவர் அணைத்துவிட்டுப் போகவும் என்று சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒட்டியிருக்கிறார்கள். கடைசி ஆள் என்று உலகில் ஒருவர் உண்டு என்னும் தவறான முற்கோளில் எழுந்தது இந்த வாசகம். ரெக்கார்ட் நோட்டை எழுதி முடித்து நாலேகாலுக்குக் கிளம்பிய பெண்ணை வாசலில் மறித்துக் கேட்டேன். "இல்ல சார், அந்த பெஞ்ச்ல ஒரு பை இருக்கு, யாரோ வருவாங்க" என்றாள். அந்தப் பை போன செமஸ்டரிலிருந்து அங்கேதான் இருக்கிறது. உள்ளே ஒரு டிபன் பாக்ஸ் இருப்பதாகக் கேள்வி. அதை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மின்வெட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றரைக்குக் கரண்ட் போகிறது, வகுப்பு கலைகிறது. நின்றுபோன விசிறியை நிறுத்த யாருக்குத் தோன்றும்? சுவிட்சுகள் எல்லாம் கீழே சாய்ந்தபடி காத்திருக்கும். ஏழு மணிக்குக் கரண்ட் திரும்பியதும், இருட்டில் எட்டும் ஒன்றாக முனகிக்கொண்டு கிளம்பும். புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் ஒருவர் அன்று இரவே கீழ்த்தளத்துக்கு மாற்றல் கேட்டார். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில் படித்தவர்கள் இன்று என்னோடு வேலை பார்க்கிறார்கள். கரண்ட் வந்தால் தெரியட்டும் என்று போட்டு வைப்பதே சுவிட்சின் பயன் என்பது அவர்கள் துணிபு. அவர்கள் அனுபவத்தோடு வாதாட என்னால் ஆகாது.

இனி அந்த போர்டு. பத்து சுவிட்சுகள், எட்டு விசிறிகள், நான்கு விளக்குகள், கணக்கே இடிக்கிறது. முதல் சுவிட்சைத் தட்டினால் கடைசி விசிறி நிற்கும். மூன்றாவதைத் தட்டினால் நடுவிலுள்ள இரண்டும் நிற்க, "சார்ர்ர்" என்று ஒரு வரிசையே கத்தும். ஐந்தாவது உடைந்து, அந்த இடத்தில் பேனா மூடி செருகியிருக்கிறது. ரெகுலேட்டர்களில் குமிழ் இல்லை. மொட்டைத் தண்டைத் திருக அலுவலகத்திலிருந்து குறடு வாங்கி வர வேண்டும், குறட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அவற்றில் இரண்டு அந்தக் காலத்துப் பெட்டி ரெகுலேட்டர். வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடித்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மிச்சத்தில் பெரும்பங்கைத் தன்னுடைய கம்பிச்சுருளைச் சூடாக்கித் தானே தின்றுவிடும். ஏழாவது சுவிட்ச் எதற்கு என்று எவருக்கும் தெரியாது. அதை யாரும் தொடுவதில்லை.

தீர்வுகள் முயலப்படாமல் இல்லை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் கமிட்டியின் ஏழாம் அளவுகோலில் எல்இடி, சென்சார், பசுமைத் தணிக்கை எல்லாம் வந்தன. எனவே பசுமைத் தணிக்கை நடந்தது. அறிக்கை ஒருபக்க அச்சில் ஐந்து பிரதியாக வந்தது. பிளாஸ்டிக் இல்லா வளாகம் என்று வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பழித்தல் வேண்டா, அதுதான் இப்போது சைக்கிள் ஸ்டாண்டின் கூரை. வளாகத்தில் முழுமையாக மறுபயன்பாடு கண்ட ஒரே பொருள் என்று அதையே சொல்வேன்.

செமினார் ஹாலில் சென்சார் வைத்தார்கள். உடல் வெப்பம் அசைந்தால் அறியும் வகை. ஆற்றல் சிக்கனம் பற்றிய சிறப்புரையின் இருபதாம் நிமிடத்தில் விளக்குகள் அணைந்தன. அரங்கில் நூற்றிருபது பேர் இருந்தார்கள், அசைந்தவர் இல்லை. பேச்சாளர் மேடையிலிருந்து எங்களைப் பார்த்து இரு கைகளையும் ஆட்டினார், ஒளி வந்தது, தொடர்ந்தார். நாற்பது நிமிடத்தில் இது மூன்று முறை.

பிறகு பிஎல்டிசி விசிறிகள் துறைத்தலைவர் அறைக்கு மட்டும் வந்தன. ஏறத்தாழ 30 வாட்தான், ரிமோட்டும் உண்டு. ரிமோட் தொலையக் கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது.

களப்பணியின் கடைசி நாள். நாலரை மணி, மாடியில் நான் மட்டும். ஆய்வாளன் பார்வையாளனாகவே நின்றுவிடலாகாது என்று ஏழாவது சுவிட்சைத் தட்டினேன். விசிறிகள் எட்டும் சுழன்றுகொண்டே இருந்தன. கீழே எங்கோ ஒரு சத்தம் அடங்கியது. படியில் தடதடவென்று செருப்பொலி. அலுவலக உதவியாளர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"சார், ஜெராக்ஸ் மெஷின் நின்னுபோச்சு. பசுமை அறிக்கை பாதியில நிக்குது. நீங்க எதாச்சும் தொட்டீங்களா?"

"இல்லையே," என்றேன். "அதுவா நின்னிருக்கும்."