எந்தப் பெடல் வாங்கலாம் அங்கிள்?

போன வாரம் புக்கிட் ரோத்தான் பக்கமிருந்து ஒரு பையன் ஜெராமுக்கு வீடு தேடி வந்தான். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் வா-வா பெடல். யாரிடமோ பழையதாக வாங்கியிருக்கிறான். “எல்லா மோட்டும் பண்ணியாச்சாம் அங்கிள். ட்ரூ பைபாஸ், புது இண்டக்டர், வோக்கல் மோட், எல்லாம் இருக்கு. சத்தம் மட்டும்தான் வரல.”

அடித்தட்டைக் கழற்றினேன். அப்போது ஏறிய எரிச்சல் இதை எழுதும்வரை இறங்கவில்லை. பலகை முழுக்க ஈயம். பச்சை வயர் தீர்ந்துபோன இடத்தில் மஞ்சள் வயரை முறுக்கிவிட்டிருக்கிறார் மனிதர். அதற்கு மேல் கறுப்புப் பசையை ஊற்றி மூடியும் வைத்திருக்கிறார், தன் கண்டுபிடிப்பை யாராவது திருடிவிடுவார்கள் என்று. பெடல் ஊமையானது ஒரு பொட்டு ஈயத்தால். இரண்டு தடங்களுக்கு நடுவே வழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தத் திருப்பணிக்கு அவர் வாங்கிய விலை, கடையில் பெட்டி பிரிக்காத புதுப் பெடலின் விலையைவிட அதிகம். மோட் பண்ணியதாயிற்றே!

பையன் கிளம்பும்போது கேட்டான்: “அப்போ எந்தப் பெடல் வாங்கலாம் அங்கிள்?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேராக வந்துவிடுகிறேன், முதலில் ஒரு சின்னக் கதை.

1966-இல் கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிராட் பிளங்கெட் என்ற இளம் இன்ஜினியருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வோக்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் நடுத்தர ஒலியைத் தூக்கிக் காட்டும் சுவிட்ச் இருந்தது. விலை கூடிய சுவிட்ச். அதை எடுத்துவிட்டு மலிவாக ஏதாவது வைக்க வேண்டும். அவர் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை வைத்தார். திருகிப் பார்த்தால் ஒலி வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆர்கனுக்கான வால்யூம் பெடல் கூட்டுக்குள் அந்தச் சர்க்கிட்டைப் போட்டார்கள். வா-வா பெடல் பிறந்துவிட்டது. கம்பெனிக்குக் கிட்டார் ஞாபகமே இல்லை. ஊது கருவிகளுக்கு விற்கலாம் என்று நினைத்தார்கள். இது கிட்டாருக்கான பொருள் என்று மல்லுக்கட்டியவர் டெல் காஷர் என்ற கிட்டார் கலைஞர். 1967-இல் சந்தைக்கு வந்தபோதும் பெடலின் அடியில் இருந்தது கிளைட் மெக்காய் என்ற டிரம்பெட்காரரின் படம். கிட்டார்காரனுக்கு அன்றே அவ்வளவுதான் மரியாதை.

ஆக, காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் பிறந்த பொருள் இது. அந்த 1967-ஆம் வருடத்துச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர நாம் அழிக்கிற காசை அந்தக் கம்பெனி கணக்கப்பிள்ளை பார்த்தால் மயங்கி விழுவார். பிளங்கெட் ஒரே ஒரு மோட் செய்தார், நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தம் நமக்கு வரவில்லை.

உள்ளே என்னதான் இருக்கிறது? அரை ஹென்றி இண்டக்டர், 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பிடி ரெசிஸ்டர். காலை முன்னால் சாய்த்தால் ஒலியின் உச்சம் ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும், பின்னால் சாய்த்தால் இறங்கும். இதில் கைவைக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நீங்களும் திறந்தவர்தானே. இண்டக்டரோடு சேர்ந்த 33 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கூட்டினால் உச்சம் கூராகிக் குரல் மாதிரிப் பேசும். அதுதான் வோக்கல் மோட். 390 ஓமைக் குறைத்தால் அடி கனக்கும். இரண்டும் சேர்த்தே சில்லறைக் காசு. அந்தச் சில்லறைக்காக ஜெராமிலிருந்து கோலாலம்பூர் ஜாலான் பாசார் வரை பெட்ரோல், லாத்தார் நெடுஞ்சாலை டோல், பார்க்கிங், பார்க்கிங் கட்ட மறந்தால் சம்மன். வீட்டில் கேட்டால் ரெசிஸ்டர் என்ன விலையோ அதை மட்டும் சொல்வது நம் வழக்கம்.

பிறகு இண்டக்டர் பக்தர்கள். சிவப்பு ஃபாசல்தான் பாடும், மஞ்சள் ஃபாசல் முனகும், ஹேலோ கிடைத்தவன் பாக்கியசாலி. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். வித்தியாசம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, வீட்டில், தனியாக, மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசித்தால். பக்கத்தில் தபேலாவும் உறுமியும் தொடங்கியபின் சிவப்பாவது மஞ்சளாவது.

இண்டக்டரைவிடப் பெரிய விஷயம் சப்பாத்து. இதை எவனும் எழுதுவதில்லை. பெடலை வாசித்துக்காட்டுகிற வெள்ளைக்காரர்களின் காலைப் பாருங்கள். கணுக்கால் வரை தோல் சப்பாத்து, அடியில் கட்டைக் குதிகால். பெடலின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? முன்பக்கத் தட்டுக்கு அடியில். முழுக்கச் சாய்த்து, அதற்கு மேலும் ஓங்கி ஒரு மிதி மிதித்தால்தான் உயிர் வரும். சப்பாத்துக் காலுக்கு அது ஒரு தட்டல். நாம் வாசிப்பது எங்கே? தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில், ஆடித் திருவிழாவில். மேடை வளாகத்துக்குள், செருப்பு வெளியே. வெறுங்கால். பெருவிரலால் அழுத்தினால் அசையாது. ஐந்து விரலையும் சேர்த்தாலும் அசையாது. குதிகாலைத் தூக்கி, இடுப்பை முன்னே தள்ளி, உடம்பின் மொத்த கனத்தையும் அந்த ஒரு பாதத்தின் நுனியில் இறக்க வேண்டும். முகம் கோணும், கண் செருகும். பார்ப்பவர்கள் நான் இசையில் கரைவதாக நினைக்கிறார்கள். முன்வரிசைப் பாட்டி ஒருவர் எனக்குச் சாமி வந்துவிட்டதாக முடிவுசெய்து விபூதித் தட்டோடு எழுந்தே வந்துவிட்டார். சுவிட்ச் ‘டக்’ என்று விழும்போது பாட்டு சரணத்தின் பாதியில் இருக்கும். அணைக்க மறுபடியும் அதே கூத்து.

காலுறை போடலாமே என்பார்கள். மழை பெய்த திடலில் போட்டுப் பாருங்கள். வேட்டி கட்டச் சொல்வார்கள், பாரம்பரியமாம். வேட்டிக் கரை பெடலின் கீலில் சிக்கும், விடுவிக்கக் குனிந்தால் கிட்டார் மைக்கை இடிக்கும். இதெல்லாம் இரவுக் கதை. சவுண்ட் செக் மாலை நாலு மணிக்கு. கறுப்பு உலோகக் கூடு மதியம் முழுக்க வெயிலில் காய்ந்திருக்கும். அதன்மேல் வெறுங்காலை வைக்க வேண்டும். தீமிதிக்குக் காப்பு கட்டியவர்களுக்காவது விரதம், பூசாரி, இறங்க ஒரு பால்குழி எல்லாம் உண்டு. நான் காலையில் பசியாறிவிட்டு வந்து நேராக மிதிக்கிறேன். மேடை மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாவது துளையில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் சொருகுகிற வீரர்கள் நம் ஊரில் எந்தத் திருவிழாவிலும் உண்டு. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயர், கையில் கம்பி, காலடியில் ஈரம், உதட்டருகே மைக். சுருதி சேர்க்கும்போதே சுர்ரென்று ஒன்று ஏறும். கமிட்டிக்காரர் அதை மேடைப் பயம் என்பார்.

சுவிட்சுக்கு வைத்தியம் உண்டு. அதன் நட்டைச் சற்றே தளர்த்தி உயரத்தைக் கூட்டலாம், தட்டுக்கு அடியிலுள்ள ஃபெல்ட் துண்டை மெலிதாக்கலாம். அதிகம் மெலிதாக்கினால் நினைக்காத நேரத்தில் தானே விழும். பொட்டென்ஷியோமீட்டரின் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டினால் வீச்சே இடம் மாறும், இது இலவசம். இலவசம் என்பதாலேயோ என்னவோ யாரும் செய்வதில்லை.

இவ்வளவும் செய்து மேடையேறினால் வாசிக்க இடம் வேண்டுமே. பினாங்கு ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் எலிகேட்ஸ் குழுவோடு மலாய்ப் பாட்டில் நாடு முழுக்கக் கொடி கட்டிப் பறந்த காலத்தில், எங்கள் பக்கத் தோட்டத்துப் பையன்களுக்குக் கிட்டார் ஒரு கனவு. இப்போது கல்யாண மண்டபத்தில் எல்லாம் மைனஸ் ஒன். டிரம்ஸ் கணினியில், வயலின் கணினியில், வா-வா கிட்டாரும் அதற்குள்ளேயே. பாடுகிறவர் ஒருவர், பொத்தான் அழுத்துகிறவர் ஒருவர். எனக்கு ஓரத்தில் நிற்க இடம் கொடுக்கிறார்கள், வீடியோவுக்கு அழகாக இருக்குமாம். அப்படி நின்றிருந்த ஓர் இரவில், பதிவில் ஓடிக்கொண்டிருந்த வா-வாவுக்கு ஏற்றபடி நான் காலை ஆட்டினேன். பெடலில் வயரே சொருகவில்லை. இறங்கியதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார்: “டோன் பிரமாதம் அண்ணே. என்ன இண்டக்டர்?”

சிவப்பு ஃபாசல் என்றேன்.

பையனுக்கு நான் சொல்ல நினைத்த பதிலுக்கு இங்கே இடம் போதவில்லை. உங்களுக்கு ஒன்று மட்டும். பெடல் செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஈயத்தைக் காய்ச்சுவதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். இன்புட்டில் வயர் சொருகியே கிடந்தால், நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்த 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும். வாசித்து முடித்ததும் வயரை உருவிவிடுங்கள்.