பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். இதைக் கேட்டவுடன் பெங்களூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன் போடுவார்கள். அம்மாக்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "இங்கிட்டு வெயில் மண்டையைப் பிளக்குதுப்பா. நீ சாப்பிட்டியா?"

கூண்டு என்றதும் கிளிக்கூண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையும் ஏறும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் ஏறும். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் கோளாறு எங்கோ தூரக் கடலில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே காற்று வரலாம். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11-ஐப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எங்கள் தொழிலிலும் எச்சரிக்கைக்கு ஏற்பாடு உண்டு. ஸ்டேட்டஸ் பக்கம் என்று பெயர். எல்லாம் நன்றாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். எல்லாம் நாசமாகப் போனாலும் பெரும்பாலும் அதே பச்சைதான். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்-3 சேமிப்புச் சேவை விழுந்தது. ஒரு பொறியாளர் கட்டளையைத் தப்பாகத் தட்டியதில், எடுக்க நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுபோயின. பாதி இணையம் படுத்துவிட்டது. ஸ்டேட்டஸ் பக்கம் மட்டும் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. காரணம், அந்தப் பக்கத்தை மாற்றுவதற்கும் அதே எஸ்-3 வேண்டியிருந்தது.

ஆகவே உண்மை நிலவரம் அறிய புரோகிராமர்களுக்கு இருப்பது ஒரே வழி: ஜோக். மேலிடத்து மெயில் புரிய விளக்கவுரை வேண்டும், ஜோக்குக்கு வேண்டாம். பரமக்குடி, கீழக்கரை, தங்கச்சிமடம், திருப்புல்லாணி என்று ஊருக்கு ஒருவராகச் சேர்ந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதற்கு ஒரு முறையே வந்துவிட்டது. கணினித் துறையில் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் ஒரு கூண்டு எண் விழும், பிறகுதான் ஜோக்.

2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்கா எச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. மண்டபத்திலிருந்து நான் '1' என்று போட்டேன். கலிஃபோர்னியாவிலிருந்து பரமக்குடிக்காரர் '10' என்று போட்டார். இரண்டும் சரி. ஒரே புயலுக்குப் பாம்பனில் ஒரு எண்ணும் நாகப்பட்டினத்தில் வேறு எண்ணும் ஏறுவது வழக்கந்தானே? புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் கட்டணம் என்று அரசு விளக்கம் கொடுப்பதற்குள், விடுமுறைக்கு வந்திருந்த பலர் கல்யாண வீட்டிலிருந்தே விமான நிலையத்துக்கு ஓடியிருந்தார்கள். தங்கச்சிமடத்துக்காரர் சாவகாசமாக எழுதினார்: "நான் அரிச்சல்முனையில நிக்கிறேன். போன்ல இலங்கை நெட்வொர்க் வந்துருச்சு. விசா இல்லை, கட்டணம் இல்லை. ஆன்சைட் வந்த முதல் ஆள் நான்தான்." தனுஷ்கோடியின் அந்த முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். பல கம்பெனிகளில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அதைவிடத் தூரம் அதிகம்.

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் வாரத்துக்கு 90 மணி நேர வேலையைப் பற்றிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டுவைத்தார். குழுவில் 3-ஆம் எண் ஏறியது. நான் இதைப் பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் சொன்னேன். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். மாமா வலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "கடலுக்கே மூணு நாள்தான் மாப்ள. உங்க கம்பெனி கடலைவிடப் பெருசா?" இதை அப்படியே எங்கள் மேலாளருக்கு மொழிபெயர்த்து அனுப்பலாம் என்று தோன்றியது. வருட மதிப்பீடு முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் எண் ஏறியது 2025 ஜூலையில். டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, அனுப்பப்போவதாகச் சொன்னது. எதிர்காலத்துக்குத் தயாரான நிறுவனமாக மாறுகிறோம் என்பது விளக்கம். குழுவில் வந்த பதில்: "நாங்களும் தயாராத்தான் இருக்கோம். எதிர்காலந்தான் போன் எடுக்க மாட்டேங்குது."

அதே மாதம் இன்னொரு செய்தி. ரெப்ளிட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு உதவியாளன், எதையும் மாற்றக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், ஒரு தொழிலதிபரின் நிஜமான தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. கேட்டால், பதறிப்போய்ச் செய்துவிட்டேன் என்றது. மீட்க முடியாது என்றும் சொன்னது; மீட்க முடிந்தது. எங்கள் வேலைக்கு வேட்டு வைக்கப்போகிறது என்று இரண்டு வருடமாகப் பயமுறுத்திய இயந்திரத்தைப் பற்றி குழுவில் அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: சொன்னதைக் கேட்கவில்லை, அழித்தது, பதறியது, தப்பான விளக்கமும் கொடுத்தது. ஆகவே சீனியர் டெவலப்பர் பதவிக்கு முழுத் தகுதி பெற்றுவிட்டது.

குழு முழுக்க ஒருமித்து எட்டுக்கு மேல் போனது இரண்டு முறை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி நின்றன. இண்டிகோ விமானங்களுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு விமானங்கூட ரத்தாகவில்லை. ரத்தாவதற்குப் பயணிகள் விமானம் என்று ஒன்று வர வேண்டுமே! உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் விமானதளம்.

மற்றொன்று 2025 அக்டோபர் 20. அன்று தீபாவளி. எங்கள் குழுவில் பழைய உடன்படிக்கை ஒன்று உண்டு: பெருநாளுக்கு எங்களில் ஒருவர் பணியில் இருப்பார், தீபாவளிக்குக் கீழக்கரைக்காரர். பகல் 12.20 வாக்கில், நாங்கள் கறிச்சோற்றில் கை வைத்த நேரம், வட வர்ஜீனியாவில் அமேசானின் தானியங்கி நிரல்கள் இரண்டு ஒன்றின் வேலையை ஒன்று கெடுத்துக்கொண்டதில் ஒரு முகவரிப் பதிவு வெற்றாகிப்போனது. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான சேவைகள் சரிந்தன. எல்லாம் சரியாக மறுநாள் விடியற்காலை ஆயிற்று. கீழக்கரைக்காரர் எழுதினார்: "வெடி எல்லாம் உங்க தெருவுல. புகை மட்டும் எனக்கு." அமெரிக்காவில் இணையத்தோடு இணைந்த விலையுயர்ந்த மெத்தைகள் சூடேறிப்போய், சாய்த்த நிலையிலேயே நின்றுவிட்டன என்று செய்தி வந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவர் படுத்திருந்தது பனையோலைப் பாய். "படுக்கைக்கு எதுக்குப்பா இன்டர்நெட்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அமேசானின் அறிக்கை பல பக்கம். அதில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

இனி 11. இந்த எண்ணுக்குப் புயல் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள் இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இந்தக் கரையில் அதை வைத்து யாரும் சிரிப்பதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தந்திக் கம்பிகள் அறுந்ததால், தனுஷ்கோடியை நெருங்கிய ரயிலைக் கடல் கொண்டுபோன செய்திகூட வெளியூருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

எங்கள் தொழிலில் 11 ஏறும்போது உயிர் போவது அபூர்வம். மானம் தவறாமல் போகும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனபோது, சரிசெய்யப் போன ஊழியர்கள் அடையாள அட்டைகூட வேலை செய்யாமல் கதவுக்கு வெளியே நின்றார்கள். வருத்தம் தெரிவிக்க ஃபேஸ்புக் போன இடம் ட்விட்டர். 2025 நவம்பர் 18 அன்று பல தளங்கள் நம்பியிருக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் ஒரு கோப்பு இரண்டு மடங்கு வீங்கியதில் எக்ஸ் தளமும் சாட்ஜிபிடியும் விழுந்தன. எது விழுந்தது என்று சொல்வதற்கென்றே இருக்கும் டவுன்டிடெக்டர் தளத்துக்குப் போனால், அதுவும் விழுந்து கிடந்தது.

ஆனால் நான் நேரில் பார்த்த 11 வேறு வகை. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் சம்பள உயர்வு தள்ளிப்போனபோது ஜோக் குவிந்தது. தேநீர் இயந்திரத்தை எடுத்தபோது ஜோக் கொட்டியது. திடீரென்று ஒருநாள் நின்றுவிட்டது. யார் எதைப் படம் பிடித்து மேலே அனுப்புவார்களோ என்று ஆளுக்கு ஆள் பயம். குழுவில் தலைமை நிர்வாகியின் பேச்சும், அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் படங்களும் மட்டுமே வந்தன. பிறகு வந்த மெயிலில் பலருக்கு வேலை போயிற்று.

எனவே மேலாளர்களே, உங்கள் ஆட்கள் உங்களை வைத்துச் சிரித்தால் சந்தோஷப்படுங்கள்; அவர்கள் இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐடியில் பிள்ளை வேலை பார்க்கும் பெற்றோர்களே, பையன் கம்பெனியைக் கிண்டலடிக்கிறவரை வீட்டுக் கடன் தவணைக்குக் கவலையில்லை. கம்பெனியைப் புகழ ஆரம்பித்தால், சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஒருதரம் கேட்டு வையுங்கள்.