வகுத்தலில் மட்டும் வரும் தீவுகள்

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவு, பெரும்பாலும் வாக்குப்பதிவுக்கு வெகு முன்பே தெரிந்துவிடுகிறது என்பது தொலைக்காட்சி நிலையங்கள் அறியாததன்று. ஆயினும் முடிவு தெரிந்ததைத் தெரியாததுபோல் வாரக்கணக்கில் நடத்திக்காட்டுவதில் அவை அடைந்திருக்கும் தேர்ச்சி, துரியோதனன் இந்த ஆண்டாவது பிழைத்துக்கொள்வானோ என்று விடியவிடியத் தெருக்கூத்துப் பார்க்கும் ஊராரின் தேர்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

இவ்வகைச் செய்தியளிப்பை இதழியல் ஆய்வாளர்கள் குதிரைப் பந்தய முறை என்பர். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார், இன்னும் எத்தனை வாக்கு வேண்டும் என்பவற்றை நிமிடத்துக்கு நிமிடம் சொல்லி, வென்றவர் அப்பதவியில் அமர்ந்து என்ன செய்வார் என்பதை மட்டும் சொல்லாமல் விடும் முறை அது. 2022இல் திரௌபதி முர்முவும் யஷ்வந்த் சின்ஹாவும் போட்டியிட்டபோது, ஒடிசாவின் பிஜு ஜனதா தளமும் ஆந்திரத்தின் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் எப்பக்கம் நிற்கும் என்பது ஜூன் மாதத்திலேயே தெளிவாகிவிட்டது. வாக்குப்பதிவோ ஜூலை 18ஆம் நாள். ஒரு குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டி லாயத்துக்கே திரும்பிவிட்டது என்று நேயர்களிடம் சொல்ல எந்த நிலையத்துக்கும் மனம் வரவில்லை. 2017இல் நிலைமை இன்னும் சுவையானது: நிலையங்கள் உலவவிட்ட உத்தேசப் பட்டியல்களில் பெரும்பாலானவற்றில் ராம்நாத் கோவிந்தின் பெயரே கிடையாது, அவரே வேட்பாளர் என்ற அறிவிப்பு வந்த பின்போ, வேறு எவரும் தேர்வாகியிருக்கவே முடியாது என்பதற்கான காரணங்கள் விவாத மேடைகளில் ஐயந்திரிபற விளக்கப்பட்டன.

இப்பந்தயத்தை அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து நோக்குவார்க்கு ஒரு விந்தை புலப்படும். அரசமைப்புச் சட்டத்தின் 239ஆம் உறுப்பின்படி, ஒன்றியப் பகுதியான இத்தீவுகளைக் குடியரசுத் தலைவர் தாம் நியமிக்கும் துணைநிலை ஆளுநர் வழியாக ஆள்கிறார். 240ஆம் உறுப்போ, இத்தீவுகளின் அமைதிக்கும் முன்னேற்றத்துக்கும் நல்லாட்சிக்குமான ஒழுங்குவிதிகளை, அதாவது நாடாளுமன்றச் சட்டத்துக்கு ஒப்பான விதிகளை, அவரே பிறப்பிக்க இடமளிக்கிறது. நடைமுறையில் இவையனைத்தும் ஒன்றிய அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்கும் என்பது உண்மையே. எனினும் சட்டமன்றமும் முதலமைச்சரும் இல்லாத இடத்தில், கேம்ப்பெல் பே செல்லும் கப்பலுக்குச் சீட்டுக் கிடைக்காத ஒருவர் தம் முறையீட்டைப் படிப்படியாக மேலே கொண்டுசென்றால், ஏட்டளவில் அது போய் முட்டும் கதவு குடியரசுத் தலைவர் மாளிகையினுடையதுதான். நாட்டில் குடியரசுத் தலைவரின் கை நேராக நீளும் மிகச் சில இடங்களுள் ஒன்றான இப்பகுதியில், அவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு ஒன்றே ஒன்றுதான். அதைச் செலுத்துபவர் தீவுகளின் ஒரே மக்களவை உறுப்பினர்.

அந்த ஒரு வாக்கின் கணிதம் தனிச் சுவையுடையது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு, அம்மாநிலத்தின் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுத்துப் பெறப்படுவது. 2022இல் அது தமிழ்நாட்டில் 176, சிக்கிமில் 7. சட்டமன்றங்கள் அனைத்தின் மொத்த வாக்கு மதிப்பான 5,43,231ஐ, தேர்தல்வழி நிரப்பப்படும் நாடாளுமன்ற இடங்களான 776ஆல் வகுத்தால், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 700 கிடைக்கும். சட்டமன்றம் இல்லாத காரணத்தால் அந்தமான் மக்களில் ஒருவர்கூட வகுபடும் எண்ணுக்குள் வருவதில்லை. அவர்களுடைய உறுப்பினரோ வகுக்கும் எண்ணுக்குள் தவறாமல் வந்துவிடுகிறார். புதுச்சேரிச் சட்டமன்றத்தின் முப்பது பேரும் சேர்ந்தால் 480தான். அந்தமானின் ஒருவர் தனித்து 700. கணக்கில் இல்லாத மக்களின் பிரதிநிதி ஒரு சட்டமன்றத்தையே விஞ்சி நிற்கும் இவ்விந்தை, எண்களின்மேல் தீராக் காதல் கொண்ட விவாத மேடைகளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

1967க்கு முன்னர் இவ்வொரு வாக்கும் கிடையாது. அதுவரை தீவுகளின் மக்களவை உறுப்பினரைக் குடியரசுத் தலைவரே நியமித்து வந்தார். முதல் மக்களவைக்கு நிக்கோபாரைச் சேர்ந்த பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் அவ்வாறு நியமிக்கப்பட்டார். 54ஆம் உறுப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டுமே குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைத் தருவதால், 1952, 1957, 1962 ஆகிய மூன்று தேர்தல்களிலும் குடியரசுத் தலைவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க இயலாதவராக இருந்தார். (மாநிலங்களவைக்கு நியமனமான இளையராஜாவுக்கும் இதே நிலைதான், இசைக்கு அரசமைப்புச் சட்டம் விலக்களிக்கவில்லை.)

2022ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஊடகங்கள் மிக விரும்பியது ஒரு பெட்டியை. தில்லியிலிருந்து மாநிலத் தலைநகரங்களுக்கு அனுப்பப்பட்ட வாக்குப்பெட்டிகளுக்கு, ‘திரு. வாக்குப்பெட்டி’ என்ற பெயரிலேயே தேர்தல் ஆணையம் விமானச் சீட்டு எடுத்தது. அதிகாரிக்குப் பக்கத்து இருக்கையில் அது அமர்ந்து சென்ற காட்சி நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. சட்டமன்றம் உள்ள இடங்களுக்கே பெட்டி போகும் என்பதால், போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அது வரவில்லை. முர்மு சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்து ஆதரவு கேட்டார். தீவுகளிலோ, கேட்பதற்கு ஆளில்லை, ஏனெனில் அந்த ஒரு வாக்காளர் வாக்களிக்க வேண்டிய இடமும் தில்லிதான். வேட்பாளரும் பெட்டியும் வராத ஊருக்கு ஒலிவாங்கி மட்டும் ஏன் வரப்போகிறது?

ஒலிவாங்கி வரும் தீவும் உலகில் உண்டு. பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட குவாம் தீவின் மக்களுக்கும் அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்கு இல்லை. ஆயினும் அவர்கள் தேர்தலன்று, எதற்கும் கணக்கில் சேராத மாதிரி வாக்கெடுப்பு ஒன்றை நடத்துகின்றனர். அமெரிக்காவெங்கும் உள்ள செய்தியாளர்கள், பெருநிலத்தில் வாக்குப்பதிவு முடியுமுன்பே வந்துவிடும் அம்முடிவைச் சகுனம்போல் வெளியிடுகின்றனர். தமிழ்த் தொலைக்காட்சிகளும் இதில் சளைத்தவையல்ல: 2024 நவம்பரில் கமலா ஹாரிசின் தாய்வழி முன்னோர் ஊரான துளசேந்திரபுரத்துக் கோயில் அபிஷேகம் வரை அவை சென்று காட்டின. மன்னார்குடிப் பக்கத்தில் நடந்த பூசைக்கும் பென்சில்வேனியாவின் வாக்குக்கும் உள்ள தொடர்பு விளக்கப்படாமலே போயிற்று.

முர்மு நாட்டின் முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவர் ஆவார் என்பது 2022இல் இடைவிடாமல் சொல்லப்பட்டது. அது பொருத்தமான செய்தியே. ஆனால் அந்தமானின் ஜாரவர், சென்டினலர் முதலானோரின் நிலத்தைக் காக்கும் 1956ஆம் ஆண்டின் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதி குடியரசுத் தலைவர் பெயரால் பிறந்ததாயிருக்க, அவ்விதியைப்பற்றித் தங்கள் கருத்தென்ன என்று இரு வேட்பாளருள் ஒருவரிடமாவது கேட்கும் வாய்ப்பு அந்த வாரங்களின் பரபரப்பில் நழுவிப்போயிற்று. வடக்கு சென்டினல் தீவை வெளியார் அணுகக்கூடாது என்ற தடை அதன் மக்களை நோயிலிருந்து காப்பதற்காக விதிக்கப்பட்டது. ‘பிரேக்கிங் நியூஸ்’ எட்டாத ஒரே இந்தியர்கள் என்ற பெருமை அதன் உபரிப் பயன்.

அடுத்த தேர்தல் 2027இல் வரவேண்டும். அதற்குள் நிலையமொன்று தன் செய்தியாளரைத் தீவுகளுக்கு அனுப்ப விரும்பி, சிக்கனம் கருதி விமானத்தைத் தவிர்த்தாலும் குற்றமில்லை. சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பிடிக்கும். அந்த மூன்று நாளில் பந்தயம் முடிந்துவிடுமோ என்று அவர் அஞ்ச வேண்டியதில்லை, அது அவர் கப்பல் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்கும்.