மாட்டின் எல்டிஎல்

பெங்களூர் லால்பாக்கில் காலை நடை நடப்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு. நடந்துவிட்டு மசால் தோசை தின்கிறவர்கள். மசால் தோசை தின்றுவிட்டு, பரிகாரமாக ஜூஸும் குடிக்கிறவர்கள். என் மைத்துனர் இரண்டாம் ஜாதி. 240 ஏக்கர் தோட்டத்தில் நிழலுள்ள பகுதியை மட்டும் சுற்றுவார். பிறகு காந்தி பஜார் பக்கம் பெண்ணெ தோசை. அப்புறம் ஜூஸ் கடையில் நின்று, "சக்கரே பேடா, ஐஸ் பேடா" (சர்க்கரை வேண்டாம், ஐஸ் வேண்டாம்) என்று கன்னடத்தில் விரதம் அனுஷ்டிப்பார்.

"பழத்துல கொலஸ்ட்ராலே கிடையாது, மச்சான்" என்பார். வாஸ்தவம். சிகரெட்டிலும்தான் கிடையாது.

பழத்தில் காரியம் செய்வது அதன் நார். ஆப்பிள், கொய்யா, ஆரஞ்சில் பெக்டின் என்று ஒன்று இருக்கிறது. குடலில் பித்த அமிலத்தைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். கல்லீரல் புதுப் பித்தம் செய்தாக வேண்டும். அதற்கு ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஓட்ஸ் செய்யும் வேலையும் இதேதான். கடைக்காரர் என்ன செய்கிறார்? நாலு ஆரஞ்சைப் பிழிந்து, வடிகட்டி, சாற்றை மைத்துனரிடம் நீட்டுகிறார். சக்கையைக் கூடையில் தட்டுகிறார். அது மாட்டுக்குப் போகிறதாம். பெங்களூர் தெருக்களில் நடுரோட்டில் படுத்திருக்கும் மாடுகளின் எல்டிஎல் அமோகமாகக் குறைந்திருக்க வேண்டும்.

சர்க்கரை பேடா என்றாலும் நாலு பழத்துச் சர்க்கரை டம்ளரில் இருக்கத்தான் செய்கிறது. அதிலுள்ள ஃப்ரக்டோஸ் மிஞ்சினால் கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றிவைக்கும். அதே நாலு பழத்தையும் உரித்துத் தின்னச் சொன்னால், "மனுஷன் தின்கிற அளவா இது?" என்று கேட்பார்.

போன சீசனில் அவருக்குச் சக்கோத்தா கிடைத்தது. நம் ஊர்ப் பம்பளிமாஸ்தான். விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளியின் சக்கோத்தாவுக்குப் புவிசார் குறியீடே உண்டு. கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாடின் மாத்திரையை அதன் சாற்றில் விழுங்க ஆரம்பித்தார். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கனடாவில் டேவிட் பெய்லி என்பவரின் குழு ஒரு ரத்த அழுத்த மாத்திரையோடு சாராயம் கொடுத்துச் சோதித்தது. சாராய வாடை தெரியாமலிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். மாத்திரை ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. 1989இல் அதை வெளியிட்டார்கள். மருந்தைக் குடலிலேயே உடைக்கும் நொதியை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது. அட்டோர்வாஸ்டாடின் போன்ற சில ஸ்டாடின் மாத்திரைகளுக்கும் இதே கதி. கிரேப்ஃப்ரூட்டைப் பெற்றதே சக்கோத்தாவும் ஆரஞ்சும்தான். அந்தக் குணம் தாய் வீட்டுச் சீதனம்.

விஷயத்தைச் சொன்னதும் மைத்துனர் முகம் மலர்ந்தது. "அப்ப அரை மாத்திரை போதுமே, மச்சான்! பாதிக் காசு மிச்சம்."

"மருந்து அதிகமாக ஏறினால் தசைவலி வரும். மிச்சக் காசு தைலத்துக்குச் சரியாகிவிடும்" என்றார் டாக்டர்.

சக்கோத்தாவை விட்டுவிட்டார். இப்போது பாகற்காய் ஜூஸ். வடிகட்டித்தான்.