அடுப்பு முன்பே எரியட்டும்!

கேள்வி: எங்கு திரும்பினாலும் போர், வெள்ளம், விலைவாசி. சின்னச் சின்ன உதவிகளால் என்ன ஆகிவிடும்?
– வாசகி, சிதம்பரம்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வடலூர் இருக்கிறதே! 1867-இல் வள்ளலார் அங்கே பசித்தவர்களுக்குச் சோறிடத் தருமசாலை தொடங்கினார். பத்தாண்டுக்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அப்போது அவர் இல்லை, ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இன்றும் எரிகிறது. தினம் பழகிய அன்புதான் ஆபத்தில் உடனே கைகொடுக்கும். 2015 வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குப் படகோடு வந்த மீனவர்கள் யாரிடமும் ஊர், பெயர் கேட்கவில்லை. உதவும் கைக்கு நடுங்க நேரமிருக்காது. உலகத்தைத் திருத்தக் காலம் பிடிக்கும்; பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை வாங்கித் தரப் பத்து நிமிடம் போதும். முதலில் அதைச் செய்யுங்கள். பாட்டிக்கு உடம்பு தேறும், உங்களுக்கு மனசு தேறும்!