மேட்டூர் நீர்மட்டம் ஏன் பிரேக்கிங் நியூஸ் ஆவதில்லை?

கேள்வி: பொங்கலோ, ஞாயிறோ, ஊரே அடங்கிக் கிடந்தாலும் டிவியில் பத்து தலைப்புச் செய்திகள் தவறாமல் வந்துவிடுகின்றனவே, எப்படி?
— ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: இலை போட்டாகிவிட்டது, விருந்தாளி உட்கார்ந்தாகிவிட்டது. சாம்பார் கொதிக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? இருக்கிற ஊறுகாயையாவது பரிமாறித்தானே ஆக வேண்டும்! இலையைக் காலியாக விட்டவர்களும் ஒரு தடவை இருந்திருக்கிறார்கள். 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. இரவு 8.45 மணிக்கு லண்டன் பிபிசி வானொலியில் செய்தி நேரம். அறிவிப்பாளர் வந்தார், இன்று செய்தி எதுவும் இல்லை என்றார், போய்விட்டார். மீதி நேரத்துக்கு பியானோ வாசித்தார்கள். இவ்வளவு நேர்மையான செய்தி அறிக்கை உண்டா என்று இன்றைக்கும் மெச்சுகிறார்கள். நானும் மெச்சியிருப்பேன், அதே தேதியில் மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று பார்க்காமல் இருந்திருந்தால். வங்கப் புரட்சியாளர் சூர்யா சென்னும் அவருடைய தோழர்களும் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கியது அன்றைய இரவுதான். லண்டனில் பியானோ ஆரம்பித்தபோது தாக்குதல் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. தந்தி, தொலைபேசி இணைப்புகளை முதலிலேயே அறுத்துவிட்டார்கள், அதனால் சேதி எளிதில் வெளியே போக வழியில்லை. ஐரோப்பியர்களின் கிளப்பையும் தாக்கத் திட்டமிட்டிருந்தார்கள்; புனித வெள்ளி என்பதால் அங்கே ஆளில்லை. லண்டனில் செய்தி இல்லாத அதே நாளில் ருமேனியாவின் கோஸ்டெஷ்டி ஊரில் மரத்தாலான தேவாலயம் ஒன்று வழிபாட்டின் நடுவே தீப்பிடித்து 118 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். நம் பக்கத்தில் ராஜாஜி, திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகிகளுடன் நடந்துகொண்டிருந்தார். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தோர்ன் உத்தரவு போட, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள்போல் நகர்ந்தார்கள். இதெல்லாம் நடக்கும்போதுதான் ‘செய்தி இல்லை’. ஆக, பத்து செய்தி என்று பட்டியல் போட்டாலும் சரி, ஒன்றுமே இல்லை என்று கைவிரித்தாலும் சரி, அது உலகத்தின் அளவு அல்ல. இலையின் அளவு.

கேள்வி: அது தந்திக் காலம். இப்போது எங்கே எது நடந்தாலும் அடுத்த நிமிடமே செல்போனில் வந்துவிடுகிறதே?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வந்து சேருவதில் இப்போது சிக்கல் இல்லைதான். ரேஷன் கடை வாசல்வரை எல்லாரும் வந்துவிடுகிறார்கள், ஆனால் வரிசை நகர வேண்டுமே! தாமஸ் ஐசன்ஸே, டேவிட் ஸ்ட்ரோம்பெர்க் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1968 முதல் 2002 வரை உலகில் நடந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்களை அமெரிக்க டிவி செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்த்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒலிம்பிக் மாதிரி பெரிய விஷயம் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் வந்த பேரிடர்கள் செய்தியில் இடம்பிடிப்பது குறைந்தது, அமெரிக்க அரசின் நிவாரணம் கிடைப்பதும் குறைந்தது. வெள்ளம் வருவதற்குக்கூட நல்ல நாள் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இன்னொரு கணக்கு இதைவிடக் கசப்பானது. எரிமலை வெடித்து ஒருவர் செத்தால் செய்தியில் வர எவ்வளவு வாய்ப்போ, உணவுப் பஞ்சத்துக்கு அதே வாய்ப்பு கிடைக்கக் கிட்டத்தட்ட 40,000 பேர் சாக வேண்டும். எரிமலைக்கு நெருப்பு இருக்கிறது, புகை இருக்கிறது, தேதி இருக்கிறது. பஞ்சம் எந்தத் தேதியில் நடந்தது என்று யார் சொல்ல முடியும்?

உள்ளூர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 12 பிற்பகல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் இருந்தவர்களும் சேர்த்து 260 பேர் போனார்கள். நாடே அதைப் பார்த்தது, பார்க்க வேண்டியதுதான். மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தினசரி சராசரி 460க்கும் மேல். அதில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 17,884. இது ரகசியம் அல்ல, மத்திய அமைச்சகமே அச்சடித்து வெளியிடும் எண். வருஷத்துக்கு ஒரு நாள் அறிக்கை வரும்போது செய்தியாகும், மற்ற 364 நாளும் வெறும் சாவு.

கேள்வி: தினமும் நடப்பதைத் தினமும் சொன்னால் யார் சார் பார்ப்பார்கள்? புதிதாக இருந்தால்தானே செய்தி?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: நியாயமான ஆட்சேபம். ஆனால் இன்று காலை நீங்கள் பார்த்த செய்தியே இதற்கு எதிர்சாட்சி. பெட்ரோல், டீசல் விலையில் ‘மாற்றமில்லை’ என்று ஒரு வரி போனதா இல்லையா? மாற்றமே இல்லாத விஷயம் எப்படி ஐயா செய்தியானது? ஆபரணத் தங்கம் சவரனுக்கு எண்பது ரூபாய் ஏறினால் சிவப்பு அம்புக்குறி, இறங்கினால் பச்சை. வாங்கப் போகிறவரும் பார்க்கிறார், வாங்கவே முடியாதவரும் பார்க்கிறார். எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி மேட்டூர் அணை. நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை: நான்கே எண்கள், எத்தனையோ வருஷமாகக் காலைச் செய்திகளில் வந்துகொண்டிருக்கின்றன. முந்தாநாள் 101 அடி, நேற்று 100.4 என்பதில் எந்த நாடகமும் இல்லை, பின்னணி இசையும் போட முடியாது. ஆனால் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12 என்பதெல்லாம் டெல்டா விவசாயிக்கு விரல்நுனியில் இருக்கும். மே மாதக் கடைசியில் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் குறுவைக்கு நாற்று விடுவதா, போர் தண்ணீரை நம்பி இறங்குவதா, பேசாமல் சம்பாவுக்குக் காத்திருப்பதா என்று அவர் முடிவெடுக்கிறார். செய்தியைக் கேட்டுவிட்டு அதன்படி வேறு மாதிரி நடந்துகொள்கிற நேயர், செய்தி வரலாற்றிலேயே அபூர்வப் பிறவி. விமானம் விழுந்த அந்த ஜூன் 12 காலையில்தான் மேட்டூரையும் திறந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு அந்தச் செய்தி எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் காலை அந்த நான்கு எண்களும் வந்திருக்கும், அதுதான் அவற்றின் பெருமை.

நான் கேட்பது இவ்வளவுதான்: நிகழ்ச்சிக்கு ஒரு பட்டியல் இருக்கட்டும், மெதுவாக ஏறி இறங்குகிற விஷயங்களுக்கு மேட்டூர் பாணியில் ஓர் அளவுகோலும் இருக்கட்டும். உங்கள் மாவட்டத்தில் இந்த மாதம் சாலையில் இறந்தவர்கள் இத்தனை பேர், போன வருஷம் இதே மாதம் இத்தனை. தகவலுக்கா பஞ்சம்? விபத்துகளை அவை நடந்த இடத்திலிருந்தே போலீஸ் பதிவு செய்வதற்கான தரவுத்தளத்தைச் சென்னை ஐஐடியே உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. இதைச் சொல்லக் கூடாதா?

கேள்வி: தினம் எண்ணாகக் கேட்டால் மரத்துப்போகாதா? கொரோனா சமயத்தில் பார்த்தோமே!
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பார்த்தோம். என்ன பார்த்தோம் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். மாலையில் சுகாதாரத் துறை அறிக்கை வந்ததும் மாநில மொத்தத்தைத் தாண்டி எல்லாருடைய விரலும் மாவட்ட வாரியான அட்டவணைக்குத்தான் போனது. மரத்துப்போனது மொத்த எண்ணுக்கு, சொந்த மாவட்டத்து எண்ணுக்கு அல்ல. அமராவதி அணை மட்டத்தை டெல்டாக்காரர் கேட்பதில்லை, மேட்டூரைக் கேட்காமல் இருப்பதுமில்லை. எண் மரத்துப்போகும், உங்கள் எண் மரத்துப்போகாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் மீட்டர் மாட்டிவிட முடியாது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982இலேயே தன் ‘ரபட்’ என்ற சின்ன இந்தி வார இதழில், போபாலில் யூனியன் கார்பைடு ஆலை ஊரையே காவு வாங்கப் போகிறது என்று அடுத்தடுத்து எழுதினார். 1984 ஜூனில் ‘ஜனசத்தா’வில் மறுபடியும் எழுதினார். அதே வருஷம் டிசம்பர் 2 நள்ளிரவில் விஷவாயு வெளியேறியது, அதன்பிறகுதான் உலகத் தலைப்புச் செய்தி. அந்த ஆலையின் ஆபத்தை எந்த அடிக்கணக்கில் அளப்பது? அதற்குக் கேஸ்வானி மாதிரி ஆள்தான் வேண்டும். ஆனால் அவர் எழுதியதை வாங்கிப் போட்டுக்கொள்ளத் தினசரித் தொகுப்பில் ஓர் இடமாவது இருந்திருக்க வேண்டும். நேற்றைக்கும் இன்றைக்கும் அந்த ஆலையில் ஒரு வித்தியாசமும் இல்லை, அதனால் எந்த நாளின் பட்டியலிலும் அதற்கு இடமில்லை.

கேள்வி: ஏற்கெனவே காலையில் செய்தி பார்த்தால் காபி இறங்கவில்லை. இன்னும் சாவுக் கணக்கா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: அளவுகோல் இரண்டு பக்கமும் போகும். 1990இல் உலகில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஒன்றேகால் கோடிக்கும் மேல். 2022இல் அது சுமார் 49 லட்சம். இன்னமும் தினம் 13,000 குழந்தைகள், எந்தத் தலைப்பிலும் வராத சாவுகள். அதே சமயம், முன்பு செத்திருக்கக் கூடிய எத்தனையோ பேர் இன்று பள்ளிக்கூட வேனில் சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள், அதுவும் எந்தத் தலைப்பிலும் வரவில்லை. உங்கள் காபியைக் கசக்க வைப்பது கெட்ட செய்தி அல்ல, திடீர்ச் செய்தி. நல்லது பெரும்பாலும் திடீரென்று நடப்பதில்லை.

கேள்வி: பிபிசி மாதிரி நம் சேனல் ஏதாவது ஒன்று ‘இன்று செய்தி இல்லை’ என்று சொன்னால் என்ன ஆகும்?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: போட்டி சேனலில் அது பிரேக்கிங் நியூஸ் ஆகும். எட்டு மணிக்கு ‘செய்தி இல்லையா? மறைக்கப்பட்டதா?’ என்று நான்கு பேர் விவாதம் நடத்துவார்கள். அன்றைக்கும் மேட்டூர் நீர்மட்டம் கீழே ஒரு வரியில் ஓடிக்கொண்டிருக்கும்.